முதியோரின் அன்னை புனித ஜீன் ஜூகன்

நோயாளி ஒருவரை ஒரு நாள் பார்த்துவிட்டு வருவது எளிது. கையில் நான்கு ஆரஞ்சுப் பழங்களோடு சென்று, ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி விடலாம். ஆனால் அதே நோயாளியை மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது வேறு. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் காக்க வேண்டும். ஊட்டிய கஞ்சியைத் துப்பினாலும் முகம் சுளிக்காமல் மீண்டும் ஊட்ட வேண்டும். கேட்ட கேள்வியையே அவர் நூறு முறை கேட்டாலும் நூறு முறையும் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட பணியைச் செய்கிறவர்களுக்கு ஊரில் மாலை மரியாதை கிடையாது. வெளியூரிலிருந்து வருடத்திற்கு ஒரு முறை வந்து போகிற மகனைப் புகழ்வார்கள். அன்றாடம் அள்ளித் துடைக்கிற மருமகளை யாரும் கவனிப்பதில்லை. நம் மாணவிகளின் இல்லங்களிலும் இத்தகைய தாய்மார்கள் பலர் இருக்கிறார்கள். தளர்ந்து போன பாட்டியையோ, பக்கவாதத்தால் விழுந்த தாத்தாவையோ, பிறவியிலேயே ஊனமுற்ற தம்பியையோ கவனித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கூட்டத்திற்குக்கூட வர முடியாமல் இருக்கும் அவர்களை நினைத்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. அவர்களுக்கென்றே இறைவன் தந்த புனிதை ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜீன் ஜூகன். எளிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கன்னியர் சபையை நிறுவியவர் அவர்.

மீனவர் குடிசையில் பிறந்தவர்

பிரான்சு நாட்டின் வடமேற்கே, கடலுக்குள் நீண்டு கிடக்கும் பகுதிக்குப் பிரிட்டனி என்று பெயர். அங்கே கான்கால் என்ற மீனவர் ஊரில் 1792-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் ஜீன் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் அவர் ஆறாமவர். தந்தை கடலோடி. அவ்வூர் ஆண்கள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூபவுண்ட்லாந்து வரை மீன் பிடிக்கச் செல்வார்கள். மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். சிலர் திரும்பவே மாட்டார்கள். ஜீனுக்கு நான்கு வயது நிறைவதற்குள் அவருடைய தந்தையும் அவ்வாறே கடலோடு போய்விட்டார்.

அது பிரெஞ்சுப் புரட்சிக் காலம். ஆலயங்கள் மூடப்பட்டன. குருக்கள் மறைந்து வாழ்ந்தனர். செபமும் ஞானோபதேசமும் வீட்டுக்குள் இரகசியமாகவே பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டன. விதவைத் தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். சிறுமி ஜீன் ஆடு மாடுகளை மேய்த்தார். மேய்ச்சல் நிலத்திலேயே கம்பளி பின்னவும் செபமாலை சொல்லவும் பழகினார். ஏழ்மை என்னும் பள்ளிக்கூடத்தில் அவர் கற்ற முதற்பாடம் இதுவே. இல்லாதவர்களும் இருப்பதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதை அத்தாயின் வாழ்க்கை அவருக்குக் காட்டியது.

ஏறக்குறைய 16 வயதில் ஜீன் ஒரு பிரபுக் குடும்பத்துச் சமையலறையில் வேலைக்கு அமர்ந்தார். அவ்வீட்டு எசமானி பக்தியுள்ளவர். ஏழைகளையும் நோயாளிகளையும் காணச் செல்லும்போது இந்தப் பணிப்பெண்ணையும் உடன் அழைத்துச் செல்வார். வாசலில் வந்து நிற்கும் ஏழைக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதோடு, எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம் என்பதை ஜீன் அங்கே கண்டறிந்தார்.

ஓர் இளம் மாலுமி அவரை மணக்க விரும்பினார். ஜீன் மறுத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அவர் மீண்டும் கேட்டபோதும் மறுத்தார். இன்னும் தொடங்கப்படாத ஏதோ ஒரு வேலைக்காக இறைவன் தம்மை வைத்திருக்கிறார் என்று தாயிடம் சொன்னாராம். அந்த வேலை இன்னதென்று தெரிய அவர் 47 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது! பத்தாம் வகுப்பு முடிந்தவுடனே வாழ்க்கை முழுவதும் தெளிவாகத் தெரிந்துவிட வேண்டும் என்று தவிக்கும் மாணவிகள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

தளர்ந்து விழுந்த தாதி

1817-இல், 25 வயதில், தம்மிடமிருந்த கொஞ்சம் நல்ல துணிமணிகளை உடன்பிறந்தவர்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிட்டு, ஜீன் சேன் செர்வான் என்னும் துறைமுக நகருக்குச் சென்றார். அங்கே இருந்த மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்தார். நோயாளிகளோ ஏராளம்; வேலை செய்யும் கைகளோ சில. பகல் இரவு என்று பாராமல் ஆறு ஆண்டுகள் உழைத்தார். புனித ஜான் யூட்ஸ் ஏற்படுத்திய மரியன்னையின் மூன்றாம் சபையிலும் உறுப்பினராகி, உலகில் வாழ்ந்துகொண்டே துறவியைப் போல் செபமும் ஒறுத்தலும் கடைப்பிடித்தார்.

ஆனால் உடல் இடம் கொடுக்கவில்லை. 1823-இல் முற்றிலும் களைத்துப்போய், மருத்துவமனையை விட்டு வெளியேற நேர்ந்தது.

புனிதர்களின் வரலாற்றை வாசிக்கும்போது இத்தகைய இடங்களை நாம் வேகமாகக் கடந்து விடுகிறோம். அப்படிச் செய்யலாகாது. பிறருக்குப் பணிவிடை செய்தே ஒரு புனிதை தளர்ந்து விழுந்தார். அது அவருடைய விசுவாசக் குறைவன்று. அன்புக் குறைவும் அன்று. மண்ணால் ஆன உடலுக்கு ஓர் எல்லை உண்டு, அவ்வளவே. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் தாய் ஒருநாள் சமையலறைச் சுவரில் சாய்ந்து, இனி என்னால் முடியாது என்று அழுதால், அதற்காக அவர் பாவசங்கீர்த்தனத்திற்கு ஓட வேண்டியதில்லை. முதலில் அவர் கொஞ்சம் தூங்க வேண்டும். அவரைத் தூங்க விட வேண்டியது வீட்டார் கடமை.

ஜீனுக்கும் அப்படியே ஓர் அடைக்கலம் கிடைத்தது. லெகோக் என்ற வயது முதிர்ந்த பெண்மணி அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். பெயருக்குத்தான் ஜீன் பணிப்பெண். உண்மையில் இருவரும் சகோதரிகளைப்போல் வாழ்ந்தனர். ஒன்றாகத் திருப்பலிக்குச் சென்றார்கள்; சிறுவர் சிறுமியருக்கு ஞானோபதேசம் கற்பித்தார்கள்; ஏழைகளைச் சந்தித்தார்கள். ஜீனின் உடல்நலம் அந்த வீட்டில் தேறியது. 12 ஆண்டுகளுக்குப் பின், 1835-இல், லெகோக் அம்மையார் நோயுற்று இறக்கும்வரை ஜீனே அவருக்குத் துணையாயிருந்தார். பராமரித்தவர் பராமரிக்கப்பட்டார், பராமரிக்கப்பட்டவர் மீண்டும் பராமரித்தார். நம் குடும்பங்களில் அன்பு இவ்வாறே கைமாறி வருகிறது அல்லவா?

கட்டிலைக் கொடுத்த இரவு

பிறகு ஜீன் தம்மைவிட மூத்தவரான பிரான்சுவாஸ் ஒபேர் என்பவரோடு சேர்ந்து ஒரு வீட்டின் மேல்மாடியில் சிறு இடத்தை வாடகைக்குப் பிடித்தார். விர்ஜினி என்ற தாய் தந்தையற்ற இளம்பெண்ணும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். மூத்தவர் வீட்டிலிருந்து நூல் நூற்றார். ஜீன் வீடு வீடாகச் சென்று துணி துவைத்தும் நோயாளிகளைக் கவனித்தும் கூலி பெற்றார். மூவரும் சேர்ந்து செபித்தார்கள்.

அக்காலத்தில் அந்நகரில் ஆதரவற்ற முதியோர் மிகப் பலர். கடலில் கணவனையும் மகனையும் இழந்த கிழவிகள் குளிரில் தெருத்தெருவாகப் பிச்சை எடுத்துப் பிழைத்தார்கள். நடக்க முடிந்தவர்களாவது பிச்சை எடுக்கலாம். நடக்க முடியாதவர் என்ன செய்வார்?

1839-ஆம் ஆண்டின் குளிர்காலம். ஆன் ஷோவான் என்ற விதவை மூதாட்டி, கண் பார்வை இழந்து, உடலில் ஒரு பக்கம் செயலிழந்து, கவனிப்பாரற்றுக் கிடந்தார். ஜீன் அவரைத் தம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். குறுகிய மாடிப்படியில் ஏற்றி, தம்முடைய கட்டிலிலேயே கிடத்தினார். தாம் பரணுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இவ்வளவுதான் நடந்தது. கட்டிடம் கட்டவில்லை, அடிக்கல் நாட்டவில்லை, நிதி திரட்டவில்லை, திட்டம் எதுவும் வரையவில்லை. ஒரு முதியவருக்கு ஒரு கட்டில் தேவைப்பட்டது, ஒரு கட்டில் இருந்தது, அது கொடுக்கப்பட்டது. பின்னாளில் உலகின் பல கண்டங்களிலும் பரவிய ஒரு சபை அந்த ஒரே கட்டிலிலிருந்துதான் பிறந்தது.

விரைவில் இரண்டாவது மூதாட்டியும் வந்து சேர்ந்தார். அவர் பெயர் இசபெல். அவருடைய கதையும் நாம் அறிய வேண்டியது. அவர் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். எசமானர்கள் வறுமையுற்ற பிறகும் அவர்களைக் கைவிடாமல், சம்பளம் இன்றி உழைத்து, கடைசியில் அவர்களுக்காகப் பிச்சையும் எடுத்து, அவர்கள் கண் மூடும்வரை காப்பாற்றினார். பின்பு அவரைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை. ஆயுள் முழுவதும் பிறரைப் பார்த்துக்கொண்டவரை முதுமையில் யார் பார்த்துக்கொள்வது? இந்தக் கேள்விக்கு ஜீனின் வீடு விடையாயிற்று.

பகல் முழுவதும் கூலி வேலை; இரவில் மூதாட்டிகளுக்குப் பணிவிடை. விர்ஜினியின் தோழி மரி ஜாமே உதவிக்கு வந்தாள். நோயுற்று அங்கே வந்து குணமான மதலேன் என்ற இளம்பெண்ணும் அவர்களோடேயே தங்கிவிட்டாள். 1840-இல் அவர்கள் ஒரு சிறு சங்கமாக இணைந்தனர். அவ்வூர் உதவிப் பங்குக் குருவான லெ பாயர் அடிகளார் அவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தார். 1841-இல், மதுக்கடையாக இருந்த ஒரு தாழ்வான கட்டிடத்தை வாடகைக்கு எடுத்துப் பன்னிரண்டு மூதாட்டிகளைக் குடியேற்றினார்கள். அடுத்த ஆண்டே பழைய கன்னியர் மடம் ஒன்றைக் கடனுக்கு வாங்கினார்கள். 1842 மே மாதத்தில் ஜீனைத் தங்கள் தலைவியாகத் தேர்ந்துகொண்டார்கள்.

கூடை ஏந்திய கை

இத்தனை பேருக்கும் உணவு எங்கிருந்து வந்தது? அந்த மூதாட்டிகள் முன்பு பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள் அல்லவா? இனி அவர்கள் தெருவில் இறங்கக் கூடாது, அவர்களுக்குப் பதிலாக நானே செல்வேன் என்று ஜீன் முடிவு செய்தார். புனித இறை யோவான் சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அவரை அதற்கு ஊக்குவித்தார். மூதாட்டிகளுக்கு வழக்கமாகப் பிச்சையிட்ட வீடுகள் எவை என்று கேட்டறிந்து, கையில் கூடையுடன் அந்தந்த வாசலுக்கே போய் நின்றார். மிஞ்சிய ரொட்டி, பழந்துணி, விறகு, காய்கறி, செப்புக்காசு, எது கிடைத்தாலும் நன்றியுடன் வாங்கிக்கொண்டார்.

உழைத்துப் பிழைத்த மானமுள்ள பிரிட்டனிப் பெண்ணுக்கு இது எளிதாக இருந்திருக்காது. ஒருமுறை எரிச்சலடைந்த ஒருவர் அவரை அறைந்துவிட்டாராம். அந்த அறை தமக்கு உரியது என்று ஏற்றுக்கொண்ட ஜீன், இனித் தம் ஏழைகளுக்கு உரியதையும் தரும்படி அமைதியாகக் கேட்டாராம். நேற்றுத்தானே கொடுத்தேன் என்று சினந்த செல்வரிடம், நேற்றுப் பசித்தவர்களுக்கு இன்றும் பசிக்கிறது, நாளையும் பசிக்கும் என்று நயமாக எடுத்துச் சொன்னாராம். அந்தச் செல்வர் பிறகு தவறாமல் உதவி செய்யலானார் என்பர்.

ஆஞ்சே நகர இல்லத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்வார்கள். அது வெண்ணெய் மிகுந்த ஊர். ஆனால் அங்கிருந்த முதியோர் வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தனர். ஜீன் காலியான வெண்ணெய்ப் பாத்திரங்களைக் கொண்டுவரச் செய்து, புனித சூசையப்பர் சுரூபத்தின் முன் வைத்தார். வெண்ணெய் அனுப்பும்படி சூசையப்பரை வேண்டும் ஒரு சிறு அட்டையையும் அங்கே வைக்கச் செய்தார். வந்தவர்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள், பின் வெண்ணெய் வந்து குவிந்தது. தேவ பராமரிப்பில் நம்பிக்கை வைப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதன்று. நமக்கு என்ன குறைவு என்பதை வானகத்துக்கும் மண்ணகத்துக்கும் தெரியும்படி கூச்சமின்றிச் சொல்வதும் அதில் அடங்கும்.

ஜீன் முதியோரைச் சும்மா கிடத்தி வைக்கவும் இல்லை. முடிந்தவர்கள் நூல் நூற்றார்கள், சிறு வேலைகள் செய்தார்கள். தாங்கள் யாருக்கும் பாரமல்ல என்ற உணர்வு அவர்களை நிமிர்ந்து உட்காரச் செய்தது.

பறிக்கப்பட்ட பெயர்

1843 டிசம்பர் 8-ஆம் நாள் சகோதரிகள் ஜீனையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வாரம் கழிந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாட்களுக்கு முன் லெ பாயர் அடிகளார் அத்தேர்தலைச் செல்லாதென்று அறிவித்து, 23 வயதே ஆன மரி ஜாமேயைத் தலைவியாக்கினார். ஜீனுக்கு அப்போது வயது 51. தம் கட்டிலைக் கொடுத்து அப்பணியைத் தொடங்கியவர் அவர். ஆயினும் எதிர்த்து வாதாடவில்லை. கோபித்துக்கொண்டு வெளியேறவும் இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் தெருவில் இறங்கினார்.

உலகம் அவரை மறக்கவில்லை. சேன் செர்வான் நகரப் பெரியோர்கள் அவருடைய பணியைப் பற்றி எழுதி அனுப்ப, 1845 டிசம்பரில் பிரெஞ்சு அக்காடமி அவருக்கு மோந்தியோன் பரிசை வழங்கியது. ஏழைகளாய் இருந்தும் அறம் செய்வோர்க்கான அப்பரிசின் தொகை 3,000 பிராங்க். பாரிசு மாநகரில் அறிஞர்கள் அவையில் அவருடைய புகழ் பேசப்பட்டது. ஜீன் அந்தப் புகழுரையின் அச்சுப் பிரதியையும் முதியோருக்காகவே பயன்படுத்தினார். புதிய ஊர்களுக்கு உதவி கேட்டுச் செல்லும்போது அதையே அறிமுகக் கடிதமாகக் காட்டினார். 1846-இல் ரென், தினான் ஆகிய நகரங்களில் புதிய இல்லங்கள் எழுந்தன. எங்கே இல்லம் ஒன்று கடனில் மூழ்கும் நிலையில் இருந்ததோ, அங்கே ஜீன் அனுப்பப்பட்டார். நிலைமை சீரானதும் அடுத்த ஊருக்குச் சென்றார்.

1852-இல் ரென் நகர ஆயர் இச்சபையை அங்கீகரித்தார். அதே ஆண்டில் ஜீன் தாய் மடத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். இனி வெளியே செல்லக் கூடாது, உதவியாளர்களோடு தொடர்பு கொள்ளக் கூடாது என்பது கட்டளை. சிலுவையின் மரியா என்பது அவருடைய துறவுப் பெயர். 1856-இல் தாய் மடம் சேன் பெர்ன் என்ற கிராமத்துக்கு மாறியபோது அவரும் அங்கே சென்றார். அவ்வாறு தொடங்கிய மறைந்த வாழ்வு, இறக்கும்வரை 27 ஆண்டுகள் நீடித்தது.

இதற்கிடையில் சபையின் தொடக்க வரலாறு வேறு விதமாகச் சொல்லப்பட்டது. லெ பாயர் அடிகளாரே சபையை நிறுவியவர் என்று கற்பிக்கப்பட்டது. மடத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் பெண்கள், கைத்தடி ஊன்றி நடக்கும் அந்த வயதான சகோதரிதான் சபையின் அன்னை என்பதை அறியாமலேயே அவரோடு பழகினார்கள். தம் பணியை அடிகளார் எடுத்துக்கொண்டதாகவும், தாம் அதை மனமார விட்டுக்கொடுப்பதாகவும் ஜீன் ஒருமுறை அவரிடமே சிரித்துக்கொண்டு சொன்னதாகக் கூறுவர். உண்மையை அவர் அறிந்திருந்தார். ஆனால் அது அவர் உள்ளத்தில் கசப்பாக மாறவில்லை.

பெயர் போனது, ஆனால் பணி போகவில்லை. நவகன்னியரின் கைவேலைகளை மேற்பார்த்த ஜீன், அவர்களுக்கு முதியோரை எப்படித் தொட வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஏழை முதியவரிடத்தில் இயேசுவையே காணும்படி கற்பித்தார். பொறுமையும் பலமும் தீர்ந்து, தனிமையாக உணரும்போது, சிற்றாலயத்துக்குச் சென்று, அங்கே காத்திருக்கும் ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வரும்படி அறிவுரை கூறினார். 1865-இல், சபைக்கு நிலையான வருமானங்களை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஜீனின் கருத்தும் கேட்கப்பட்டது. வேண்டாம், தேவ பராமரிப்பை மட்டுமே நம்பி வாழ்வோம் என்பது அவருடைய உறுதியான கருத்து. சபையும் அவ்வாறே முடிவு செய்தது. அம்முடிவில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

கடைசி ஆண்டுகளில் அவருடைய கண்பார்வை பெரிதும் மங்கியது. ஒரு காலத்தில் பார்வையற்ற மூதாட்டியைத் தூக்கி வந்து படுக்க வைத்தவரை இப்போது இளம் சகோதரிகள் கைபிடித்து நடத்தினார்கள். 1879 மார்ச் மாதத்தில் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் சபையின் ஒழுங்குகளை உறுதி செய்தார். அந்த மகிழ்ச்சியைக் கண்ட பின், அதே ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், 86-ஆம் வயதில், ஜீன் அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அப்போது ஏறக்குறைய 2,400 சகோதரிகள் முதியோருக்குப் பணி செய்துகொண்டிருந்தனர். அவர்களில் பலருக்கு, இறந்தவர் யார் என்பதே தெரியாது.

வெளிப்பட்ட உண்மை

ஆனால் உண்மையைப் புதைத்து வைக்க முடியுமா? விசாரணைக்குப் பின் 1890-இல் லெ பாயர் அடிகளார் பதவியிலிருந்து நீக்கப்பட்டு உரோமைக்கு அழைக்கப்பட்டார். தாம் சபையை நிறுவியவர் அல்ல என்று மரி ஜாமே அன்னையும் தம் இறுதிக் காலத்தில் ஒப்புக்கொண்டார். சில ஆண்டுகளில் ஜீனே முதல் சகோதரி, அவரே நிறுவுநர் என்பது ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது. 1982 அக்டோபர் 3-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2009 அக்டோபர் 11-ஆம் நாள் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். மொலக்காய்த் தீவில் தொழுநோயாளர்க்குப் பணி செய்து தாமும் அந்நோயாலே இறந்த தமியான் அடிகளாரும் அதே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டார் என்பது எவ்வளவு பொருத்தம்!

இந்தச் சகோதரிகள் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளோடு விருந்தோம்பல் என்ற நான்காவது வார்த்தைப்பாட்டையும் கொடுக்கிறார்கள். ஜீன் இறந்து மூன்று ஆண்டுகளில், 1882-இல், அவர்கள் கல்கத்தா நகருக்கு வந்து நம் நாட்டிலும் தங்கள் பணியைத் தொடங்கினார்கள்.

நமக்கு என்ன?

அன்னையின் வாழ்க்கை, வீட்டில் நோயாளியையும் முதியோரையும் கவனிப்பவர்களுக்கு மூன்று ஆறுதல்களைத் தருகிறது.

முதலாவது, களைப்பு குற்றமன்று. தளர்ந்து விழுந்த தாதியே பின்பு முதியோரின் அன்னையானார். இடையில் அவருக்கு ஓய்வும் ஒரு நல்ல நட்பும் தேவைப்பட்டன. நமக்கும் தேவைப்படும்.

இரண்டாவது, உதவி கேட்பது அவமானமன்று. ஜீன் தனியாக ஒரு நாளும் இப்பணியைச் செய்யவில்லை. பிரான்சுவாஸ் இருந்தார், விர்ஜினி இருந்தாள். கூடையில் ரொட்டி போட்ட கைகள் நூறு இருந்தன. அன்புள்ள அம்மாமார்களே, எல்லாவற்றையும் நான் ஒருத்தியே சுமப்பேன் என்று பிடிவாதம் வேண்டாம். அண்ணனிடம் கேளுங்கள், நாத்தனாரிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டாரிடமும் பங்கு மக்களிடமும் கேளுங்கள். பணிவிடை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வேலையும் அன்று. வீட்டு ஆண்பிள்ளைகளும் பாட்டியின் கையைப் பிடித்துக் குளியலறைக்கு நடத்திச் செல்லலாம்.

மூன்றாவது, யாரும் பார்க்காத பணி வீண் போவதில்லை. ஜீனுக்கு இழைக்கப்பட்டது அநீதியே. அநீதியை நன்மை என்று சொல்ல வேண்டியதில்லை; திருச்சபையும் அப்படிச் சொல்லவில்லை, விசாரித்துத் திருத்தியது. ஆனால் பெயர் பறிபோன பிறகும் அவர் செய்த அன்பு பறிபோகவில்லை. ஆன் ஷோவான் கதகதப்பான கட்டிலில் உறங்கிய இரவுகளை எந்த வரலாற்றாசிரியராலும் மாற்றி எழுத முடியாது. நள்ளிரவில் நீங்கள் மாற்றிய ஈரத் துணியும், ஊட்டிய ஒரு கரண்டிக் கஞ்சியும் அப்படிப்பட்டவையே. கொடுத்தவர் பெயரை நோயாளியே மறந்து போகலாம். அந்தரங்கத்தில் காணும் நம் வானகத் தந்தை மறப்பதில்லை.

மாணவிகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், பாட்டியின் அருகே அரைமணி நேரம் உட்காருங்கள். அவர் ஏற்கெனவே சொன்ன கதையையே மீண்டும் சொல்லட்டும்; புதிதாகக் கேட்பதுபோல் கேளுங்கள். அந்த அரைமணி நேரம் உங்கள் அம்மா படுத்து உறங்கட்டும். ஜீன் கொடுத்தது ஒரு கட்டில். நீங்கள் கொடுப்பது அரைமணி நேரத் தூக்கம். இரண்டும் ஒரே அன்பின் வேலைதான்.

ஆகஸ்டு 30-ஆம் நாள் இப்புனிதையின் திருநாள். அன்று மட்டுமல்ல, வீட்டில் பொறுமை குறையும் ஒவ்வொரு நாளும் அவருடைய துணையை நாடுவோம்.

புனித ஜீன் ஜூகன் அன்னையே, களைத்துப்போன கைகளுக்காக எங்கள் ஆண்டவரிடம் மன்றாடும். ஆமென்.